ஐந்து சான்றிதழ், பத்து நாள், வளைகுடா வேலை: விளம்பரம் சொல்லாத கணக்கு

மெக்கானிக்கல் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்த பையன் வீட்டில் இருந்தால் இந்த விளம்பரம் எப்படியாவது கைக்கு வந்து சேர்ந்துவிடும்: "கியூஏ/கியூசி, ஐந்து மெத்தட் என்.டி.டி. லெவல் டூ, பத்தே நாளில் சர்டிபிகேட், வெளிநாட்டில் உடனடி வேலை." கியூஏ/கியூசி என்பது தரம் பார்க்கும் வேலை, என்.டி.டி. என்பது பொருளை உடைக்காமல் சோதிக்கும் முறை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். பையன் அழகான ஐந்து காகிதங்களோடு திரும்பி வருகிறான். முதல் இன்டர்வியூவில் அந்தக் காகிதங்களை ஒருமுறை புரட்டிவிட்டு, "எந்தக் கம்பெனியில் வேலை பார்த்து இதை வாங்கினாய்?" என்று கேட்கிறார்கள். பதில் இல்லை.

இந்தப் பையன் படிக்காதவன் இல்லை. ஏமாற்றிய சென்டர்களும் உண்டு என்றாலும், எல்லாச் சென்டரும் போலி நடத்துவதும் இல்லை. வெல்டிங், ஆய்வு, பாதுகாப்புத் துறைகளில் எந்தச் சான்றிதழை யார் தருகிறார்கள், யார் கேட்கிறார்கள், எந்த அதிகாரத்தில் கேட்கிறார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் யாரும் விளக்குவதில்லை. சிக்கல் அங்கேதான். அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

நான்கு வகை

இந்தத் துறைகளில் புழங்கும் சான்றிதழ்களை நான்காகப் பிரிக்கலாம்.

1. பயிற்சி முடித்ததற்கான சான்று. இத்தனை மணி நேரம் வகுப்பில் இருந்தார், தேர்வு எழுதினார் என்பதோடு அது முடிந்துவிடும். வேலையைச் செய்யத் தகுதியானவர் என்று சொல்லாது.

2. முதலாளி தரும் சான்று. நிறுவனம் தன் ஊழியரைச் சோதித்து, "இந்த வேலையை இவர் எங்களுக்காகச் செய்யலாம்" என்று கையெழுத்திடுகிறது. பொறுப்பும் நிறுவனத்தோடுதான்.

3. வெளி அமைப்பு தரும் சான்று. உங்கள் முதலாளியாக இல்லாமல், பயிற்சியோடு கலக்காமல் தனியாகத் தேர்வு நடத்தும் அமைப்பிடமிருந்து வருவது. ஆட்களுக்குச் சான்று வழங்கும் அமைப்புகள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17024 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி நடக்கிறார்களா என்று பார்த்து அங்கீகாரம் தருவது இந்தியாவில் என்.ஏ.பி.சி.பி., பிரிட்டனில் யூகாஸ்.

4. சட்டம் கேட்கும் தகுதி. இது இல்லாமல் அந்த இருக்கையில் உட்காரவே முடியாது. மற்ற மூன்றில் எத்தனை வைத்திருந்தாலும் இதற்கு ஈடாகாது.

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் முதல் வகை. படிக்கிறவர் அதை மூன்றாவது என்று நினைத்துப் பணம் கட்டுகிறார்.

லெவல் டூ யாருடையது?

என்.டி.டி. என்பது பொருளை உடைக்காமல், வெட்டாமல் உள்ளேயும் மேற்பரப்பிலும் இருக்கும் குறையைக் கண்டுபிடிக்கும் சோதனை. கண்ணால் பார்ப்பது வி.டி., சாயம் பூசிப் பார்ப்பது பி.டி., காந்தத் துகள் தூவிப் பார்ப்பது எம்.டி., கேளா ஒலி செலுத்துவது யு.டி., கதிர்வீச்சால் படம் எடுப்பது ஆர்.டி. விளம்பரத்தில் வரும் ஐந்து மெத்தட் இவைதான். லெவல் ஒன் உள்ளவர் மேற்பார்வையில் சோதனை செய்வார். லெவல் டூ உள்ளவர் சோதனையை அமைத்து, முடிவைத் தானே படித்து, ஏற்பதா தள்ளுவதா என்று எழுதிக் கொடுப்பார். லெவல் த்ரீ உள்ளவர் முறைகளை வகுத்து, மற்றவர்களுக்குத் தேர்வு வைப்பார்.

இந்தியாவிலும் வளைகுடாவிலும் அதிகம் கண்ணில் படுவது எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற பெயர். அமெரிக்காவின் என்.டி.டி. சங்கமான ஏ.எஸ்.என்.டி. 1966-இல் முதலில் வெளியிட்ட ஆவணம் அது. பலர் அதைத் தேர்வின் பெயர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது நிறுவனங்களுக்கான பரிந்துரை. உங்கள் ஆட்களுக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, எத்தனை மணி நேர அனுபவம், என்னென்ன தேர்வு என்று ஒரு நடைமுறை ஆவணம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதன்படி நீங்களே சான்று கொடுங்கள் என்று முதலாளிக்குச் சொல்கிறது. அப்படி எழுதும் ஆவணத்தைத்தான் 'ரிட்டன் பிராக்டிஸ்' என்கிறார்கள்.

ஆக, இந்த முறையில் வரும் லெவல் டூ இரண்டாவது வகை. அது நிறுவனத்துக்குச் சொந்தம். ஊழியர் வேலையை விட்டால் அந்தச் சான்று செல்லாது என்று அதே ஆவணம் சொல்கிறது. புது நிறுவனம் பழைய பயிற்சியையும் அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, தன் ரிட்டன் பிராக்டிஸ்படி சோதித்து மறுபடி சான்று தர வேண்டும்.

இப்போது பத்து நாள் வகுப்புக்கு வருவோம். அங்கே படித்தவர் அந்தச் சென்டரின் ஊழியர் இல்லை. அங்கே ஒரு லெவல் த்ரீ கையெழுத்துப் போட்டிருப்பார், அந்த லெவல் த்ரீ உண்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் எந்த முதலாளியின் பொறுப்பில் இந்தச் சான்று நிற்கிறது? யாருடைய பொறுப்பிலும் இல்லை. விவரம் தெரிந்த நிறுவனம் அதைப் பயிற்சிக்கான ஆதாரமாக மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் அது வீண் என்று சொல்லவில்லை. பயிற்சி மணிகள் நேர்மையாக எழுதப்பட்டிருந்தால் அந்த மணிகளுக்கு மதிப்பு உண்டு. 'லெவல் டூ' என்ற தலைப்புக்குத்தான் இல்லை.

மணிக்கணக்கு பொய் சொல்லாது

எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ ஆவணத்தின் 2016 பதிப்பு பரிந்துரைக்கும் பயிற்சி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நேராக லெவல் டூவுக்குப் போகிறவர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் சேர்த்து முடிக்க வேண்டியது: பி.டி.க்கு 12 மணி, எம்.டி.க்கு 20, வி.டி.க்கு 24, யு.டி.க்கு 80, ஆர்.டி.க்கு 80. மொத்தம் 216 மணி. பத்து நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் 80. யு.டி. ஒன்றுக்கே அது சரியாகப் போய்விடும்.

பயிற்சியை விடப் பெரியது அனுபவக் கணக்கு. யு.டி.யில் லெவல் டூ ஆக, அந்த மெத்தடில் மட்டும் 210-உம் 630-உமாக 840 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் அதையே செய்தாலும் 105 வேலை நாள். இது பரிந்துரைதான், நிறுவனம் தன் ஆவணத்தில் காரணம் காட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கிளையண்டின் ஆள் ஆவணத்தைத் திறந்து, கல்லூரி முடித்த தேதியையும் சான்றிதழ்த் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் அனுபவம் வாங்க நாளே இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

அனுபவம் எதற்கு என்பதைப் பி.டி.யை வைத்தே பார்க்கலாம். ஐந்தில் எளியது அது. வெல்டைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சில நிமிடம் ஊற விட்டு, மேலே நிற்பதைத் துடைத்து, வெள்ளை டெவலப்பரை மெல்லியதாக அடிக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சாயம் கசிந்து, வெள்ளையில் முடி போன்ற சிவப்புக் கோடாக வரும். வகுப்பில் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் துணியைச் சாயநீக்கியில் நனைத்துத் துடைப்பதற்குப் பதிலாக, அவசரத்தில் சாயநீக்கியையே நேராக வெல்டின் மேல் அடித்தால் வெடிப்புக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதிப் புத்தகத்தில் ஐந்தாம் பிரிவு இந்தச் சோதனைக்குச் சொல்லும் இயல்பான வெப்ப வரம்பு 5 முதல் 52 டிகிரி செல்சியஸ். வளைகுடாவில் கோடை மதியம் வெயிலில் கிடக்கும் இரும்புக் குழாயின் மேற்பரப்பு அதைத் தாண்டிவிடும். அப்போது சாயம் உலர்ந்துபோகும், குறை தெரியாது, ரிப்போர்ட்டில் 'குறை இல்லை' என்று பதிவாகும். இன்டர்வியூவில் "மதியம் ரெண்டு மணிக்குக் குழாய் சூடாக இருக்கு, என்ன செய்வாய்?" என்று கேட்பது இதற்காகத்தான். வேலை பார்த்தவன் வெப்பமானியை எடுப்பேன், நிழல் கட்டுவேன், அதிகாலையில் செய்வேன் என்பான். பத்து நாள் படித்தவனுக்குக் கேள்வியே விளங்காது.

அந்தக் குழாயில் பிறகு அழுத்தத்தில் எரிவாயு ஓடும். பக்கத்தில் ஆட்கள் வேலை செய்வார்கள். அதனால்தான் இந்தத் துறையில் காகிதத்தைக் குடைந்து பார்க்கிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை.

ஆர்.டி. தனிக் கதை

ஆர்.டி. லெவல் டூ சான்று கையில் இருப்பதால் இந்தியாவில் கதிரியக்க மூலத்தைத் தொட்டுவிட முடியாது. 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் பயிற்சியும் தகுதியும் இருந்தால்தான் அனுமதி. தளத்தில் வாரியத்தின் ஒப்புதல் பெற்ற கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் வேண்டும். இது நான்காவது வகை. லெவல் டூ சான்று மட்டும் உள்ளவர், பிறர் எடுத்த படத்தைப் படித்துச் சொல்லலாம், தானே எடுக்க முடியாது. விளம்பரத்தில் இந்த வேறுபாடு வருவதே இல்லை.

உங்கள் பெயரிலேயே இருக்கும் சான்றுகள்

வேலை மாறினாலும் கூட வருவது மூன்றாவது வகை. என்.டி.டி.யில் இதற்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 9712. சான்று ஐந்து ஆண்டு செல்லும், அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எஸ்.என்.டி. என்ற என்.டி.டி. சங்கத்தின் வழியாகவும், பிரிட்டனின் பி.சி.என்., சிஸ்விப் திட்டங்கள் வழியாகவும் இதைப் பெறலாம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சான்று உங்களுடையது, ஆனால் குறிப்பிட்ட வேலையைச் செய்ய அனுமதிக் கடிதம் தர வேண்டியது அப்போதைய முதலாளிதான்.

வெல்டிங் ஆய்வாளருக்கு இரண்டு பெரிய பெயர்கள். பிரிட்டனின் டி.டபிள்யூ.ஐ. என்ற வெல்டிங் நிறுவனம் சார்ந்த சிஸ்விப் 3.1 ஒன்று. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் சி.டபிள்யூ.ஐ. மற்றொன்று. சி.டபிள்யூ.ஐ. தேர்வில் மூன்று பகுதி: அடிப்படை, செய்முறை, 'கோடு' என்ற தொழில்நுட்ப விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவது. ஒவ்வொன்றிலும் 72 விழுக்காடு வேண்டும். சான்று மூன்று ஆண்டு. சிஸ்விப் ஐந்து ஆண்டு. இரண்டில் எது மேல் என்று கேட்பது பயனற்ற கேள்வி. போக நினைக்கும் நிறுவனத்தின் வேலை அறிவிப்பில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் வேலை அனுபவம் முன்நிபந்தனை. சிறு விதிவிலக்குகளைத் தவிர, புதிதாகப் படித்து வந்தவருக்கு இவை உடனே இல்லை.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 510, 570, 653 மூன்றும் முறையே அழுத்தக் கலன், குழாய்த்தொடர், சேமிப்புத் தொட்டி ஆய்வுக்கானவை. ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளில் பல ஆண்டு ஆய்வு செய்தவர்களுக்கானவை இவை. 'ஏ.பி.ஐ. 570 பயிற்சி முடித்தார்' என்று சென்டர் தரும் காகிதமும் ஏ.பி.ஐ. தேர்வில் தேறியவருக்குக் கழகம் தரும் சான்றும் முற்றிலும் வேறு.

நெபோஷும் தொழிற்சாலைச் சட்டமும்

பாதுகாப்புத் துறையில் குழப்பம் வேறு மாதிரி. நெபோஷ் 1979-இல் பிரிட்டனில் தொடங்கிய தேர்வு அமைப்பு. அதன் சர்வதேசப் பொதுச் சான்றிதழான ஐ.ஜி.சி.க்கு வளைகுடாவின் கட்டுமான, எண்ணெய்த் தளங்களில் நல்ல மதிப்பு உண்டு. படிப்பும் தரமானது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரகடத்திலோ ஓசூரிலோ உள்ள தொழிற்சாலையில் சட்டப்படியான பாதுகாப்பு அதிகாரி ஆக முடியும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 40பி பிரிவு, 1000 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியைக் கட்டாயமாக்கியது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையைப் பொதுவான தொழிற்சாலைக்கு 500 ஆகவும், ஆபத்தான தொழில்முறைகளுக்கும் கட்டுமானத்துக்கும் 250 ஆகவும் இறக்கியது. அதாவது இந்த வேலைகள் கூடப் போகின்றன. ஆனால் அந்த இருக்கைக்குத் தகுதியைச் சொல்வது மாநில விதி. பொறியியல் படிப்பு, சில ஆண்டு ஆலை அனுபவம், அரசு ஏற்கும் தொழிற் பாதுகாப்பு டிப்ளமோ ஆகியவை அதில் வரும். தொழிலாளர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல மாநில விதிகளில் உண்டு. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையம் இந்த டிப்ளமோவை நடத்துகிறது.

உள்ளூரிலேயே இருக்க நினைப்பவர் டிப்ளமோவுக்குப் போக வேண்டும், வளைகுடா என்று முடிவு செய்தவர் நெபோஷுக்கு. இரண்டும் தெரியாமல் முதலில் நெபோஷ் முடித்து, பிறகு டிப்ளமோவுக்கும் கட்டியவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. முடிவில் வரும் காகிதத்தில் யாருடைய பெயர் இருக்கும்? சென்டரின் பெயரா, வெளி அமைப்பின் பெயரா? மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

2. அந்த அமைப்பின் தளத்தில் சான்று எண்ணைப் போட்டுச் சரிபார்க்க முடியுமா? சென்டரின் சொந்தத் தளத்தில் மட்டும் தெரியும் கியூஆர் கோடு எதையும் நிரூபிக்காது.

3. நான் போக விரும்பும் வேலைக்கான பத்து அறிவிப்புகளில் இந்தச் சான்று எத்தனையில் வருகிறது? அதோடு எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு மாலை போதும். இதைச் செய்பவர்கள்தான் குறைவு.

4. தேர்வுக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்தில் அடக்கமா? தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு?

5. என் கண் தேறுமா? என்.டி.டி.யிலும் வெல்டிங் ஆய்விலும் அருகுப் பார்வைச் சோதனை கட்டாயம். என்.டி.டி.யில் அது ஆண்டுதோறும் நடக்கும். நிறம் பிரித்தறியும் சோதனையும் உண்டு. கண்ணாடி போட்டுத் தேறலாம். நிறக் குறைபாடு இருப்பது பணம் கட்டிய பிறகு தெரிந்தால் வருத்தம்தான் மிஞ்சும். கண் மருத்துவரிடம் போவதுதான் இந்தப் பாதையில் முதல் செலவாக இருக்க வேண்டும்.

6. "அனுபவக் கடிதம் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்கிறார்களா? அப்படியானால் அந்தப் படியை மறுபடி மிதிக்காதீர்கள். பொய்க் கடிதம் பிடிபட்டால் சான்று ரத்தாகும். வெளிநாட்டில் பிடிபட்டால் வேலையோடு விசாவும் போகும்.

யாருக்கு எது

இப்போதுதான் படித்து முடித்தவர் ஐந்தையும் வாங்க ஓட வேண்டாம். பி.டி., எம்.டி., வி.டி. என்ற மேற்பரப்பு முறைகளில் ஒன்றிரண்டையும் யு.டி.யையும் மட்டும், பயிற்சி மணிகளை ஒழுங்காக எழுதித் தரும் இடத்தில் படியுங்கள். ஐ.எஸ்.என்.டி. கிளைகள் நடத்தும் வகுப்புகள் உண்டு. 1975-இல் திருச்சி பெல் வளாகத்தில் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சிகளுக்கும் துறையில் மரியாதை உண்டு. அதன் பிறகு சம்பளம் குறைவாக இருந்தாலும் ஆய்வு நிறுவனத்திலோ, துவாக்குடி பக்கம் உள்ளது போன்ற ஃபேப்ரிகேஷன் ஷாப்பிலோ டிரெயினியாகச் சேருங்கள். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, மெத்தட், எந்தப் பொருள், எத்தனை மணி, மேலே இருந்த லெவல் டூவின் கையெழுத்து. பிற்காலத்தில் எந்தச் சான்றுக்கு விண்ணப்பித்தாலும் கேட்பது இந்தக் கணக்கைத்தான். நினைவிலிருந்து எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

யு.டி.யை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆர்.டி. எடுக்கும்போது கதிர்வீச்சுக்காகச் சுற்றிலும் ஆளை வெளியேற்ற வேண்டும், மற்ற வேலை நிற்கும். அதனால் பல தளங்களில் அதன் இடத்தை ஃபேஸ்டு அரே, டோஃப்டு என்ற மேம்பட்ட கேளா ஒலி முறைகள் பிடித்து வருகின்றன. அவற்றுக்கு வாசல் யு.டி.தான்.

ஷாப்பில் மூன்று, நான்கு ஆண்டு ஓட்டியவருக்கு சிஸ்விப் அல்லது சி.டபிள்யூ.ஐ. சரியான நேரம். இதற்குக் கடன் வாங்குவதுகூட நியாயம், ஏனென்றால் அனுபவத்தோடு சேரும்போது பதவியே மாறுகிறது. ஆலைகளில் நீண்ட நாள் இருப்பவர் ஏ.பி.ஐ.யைப் பார்க்கலாம்.

வெல்டருக்கு விதி கொஞ்சம் வேறு. ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவுப்படி எடுத்த 6ஜி (சாய்வாக நிலைநிறுத்திய பைப்பை வெல்டு செய்யும்) தகுதி, அந்த வெல்டிங் முறையில் ஆறு மாதத்துக்கு மேல் கை வைக்காமல் இருந்தால் காலாவதியாகும். தகுதிச் சோதனை வைப்பதும் வேலை தரும் நிறுவனம்தான். எனவே வெளியே பணம் கட்டி வாங்கிய 6ஜி காகிதத்தை நம்பி ஊரில் ஓராண்டு காத்திருக்க வேண்டாம். போகும் இடத்தில் எப்படியும் பைப்பைக் கொடுத்து வெல்டு அடித்துக் காட்டச் சொல்வார்கள். காத்திருக்கும் மாதங்களில் பக்கத்து ஷாப்பில் தினக்கூலிக்காவது டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தச் சோதனைக்கான தயாரிப்பு.